பூனைக்காலி விதையும் நடுக்குவாதமும் - ஒரு சின்ன வரலாறு

இந்தப் பதிவு பார்க்கின்சன் நோய் பற்றியது. நம்மூரில் நடுக்குவாதம் என்பார்கள். இதற்கான மருந்தின் கதையில் சென்னைக்கும் பங்கு உண்டு என்பது பலருக்குத் தெரியாது.

லண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன் 1817-ல் ஆறு பேரை வைத்து இந்த நோயை விவரித்தார். கை நடுங்கும், நடை தளரும், ஆனால் அறிவு கெடாது என்பது அவர் கருத்து. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

கருங்குழிப் பக்கம் இருப்பவர்களுக்குப் பூனைக்காலிக் கொடியைச் சொல்லத் தேவையில்லை. காயின் சுணை பட்டால் அரிப்புத் தாங்காது. விதை மட்டும் நாட்டு மருந்துக்கடையில் விற்கும். 1937-ல் சென்னையில் எம். தாமோதரன், ஆர். ராமசாமி என்ற இருவர் இந்த விதையிலிருந்து எல்-டோபாவைப் பிரித்தெடுத்து 'பயோகெமிக்கல் ஜர்னல்' இதழில் வெளியிட்டார்கள். அது எதற்கு உதவும் என்று அப்போது யாருக்கும் தெரியாது!

பிறகு நடந்தவை:

1957 - ரிசர்பின் கொடுத்ததால் அசையாமல் கிடந்த முயல்கள் டோபா ஊசியால் எழுந்தன (கார்ல்சன், சுவீடன்). ரிசர்பினும் நம் சர்ப்பகந்தி வேரில் கிடைப்பதுதான்.
1960 - நோயாளிகளின் மூளையில் டோபமைன் குறைந்திருப்பது வியன்னாவில் தெரிந்தது.
1961 - அதே ஊரில் நோயாளிகளுக்கு எல்-டோபா ஊசி.
1967 - அமெரிக்காவில் கோட்சியாஸ் டோபாவை வாய்வழியாக அதிக அளவில் கொடுத்து வெற்றி கண்டார்.

நடை திரும்பியது. ஆனால் கதை முடியவில்லை. சிட்னியில் நடந்த நீண்ட ஆய்வின் முடிவு 2008-ல் வந்தது. நோய் வந்து 20 ஆண்டுக்குப் பின்னும் உயிரோடு இருந்தவர்களில் 83 சதவீதம் பேருக்கு டிமென்ஷியா. பார்க்கின்சன் சொன்னது இங்கேதான் அடிபடுகிறது.

காரணம் என்ன? மூளையின் பகுதிகள் தனித்தனியாக வேலை செய்வதில்லை, ஒன்றோடொன்று பேசிக்கொண்டே இருக்கின்றன. எஃப்எம்ஆர்ஐ ஸ்கேனில் இந்த உறவைப் பார்க்கலாம். டிமென்ஷியா வந்தவர்களிடம் கவனம், நினைவு சார்ந்த வலைப்பின்னல்களில் இணைப்பு தளர்ந்திருப்பதைப் பல ஆய்வுகள் காட்டுகின்றன. டோபமைனோடு அசிட்டைல்கோலினும் குறைகிறது. எல்-டோபா முதலாவதை மட்டுமே ஈடுகட்டும். இரண்டாவதற்கு உதவும் ரிவாஸ்டிக்மைன் 2006-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. பலன் ஓரளவுதான்.

ஆகவே வீட்டில் நடுக்குவாதம் உள்ள தாத்தா பாட்டி, இல்லாத ஆளைப் பார்ப்பதாகச் சொன்னாலோ, பழகிய வழியில் தடுமாறினாலோ, வயசாகிவிட்டது என்று விட்டுவிடாதீர்கள். நரம்பியல் மருத்துவரிடம் சொல்லுங்கள். இதைப் படித்துவிட்டு யாரும் பூனைக்காலி விதையை அரைத்துக் கொடுத்துவிட வேண்டாம். அதில் டோபா எவ்வளவு என்பது விதைக்கு விதை மாறும்.