தையல் மிஷினில் பிறந்த சீரியல்

பெங்களூர் அல்சூரில் ஒரு தமிழ்க் குடும்பம் சாயங்காலமானால் சீரியல் முன்னால் உட்காருகிறது. அதற்கும், தென் அமெரிக்காவில் பெரு நாட்டு நடிகை ஒருவர் தையல் மிஷின் மிதித்ததற்கும் சம்பந்தம் உண்டு.

1969-ல் லிமா நகரில் ‘சிம்ப்ளமெந்தே மரியா’ என்ற தொடர் ஆரம்பித்தது. கிராமத்திலிருந்து பிழைப்புத் தேடி வந்த மரியா ஒரு பணக்கார வீட்டில் வேலைக்காரி. பெரிய இடத்துப் பையன் ஒருவன் அவளைக் கர்ப்பமாக்கிவிட்டுக் கைகழுவுகிறான். அவள் ராத்திரிப் பள்ளியில் எழுத்துக் கற்று, சிங்கர் மிஷினில் தையல் பழகி, கடைசியில் பெரிய ஃபேஷன்காரி ஆகிறாள். நம் ஊர்க் கதை மாதிரியே இருக்கிறதே என்றால், இருக்கத்தான் செய்யும்.

மரியாவாக நடித்தவர் சாபி காமலிச். லிமாவில் வீட்டு வேலை பார்த்த பெண்கள் இவரைப் பார்த்துவிட்டுத் தையல் வகுப்பில் போய்ச் சேர்ந்தார்கள். மிஷின் விற்பனை ஏறியது. கம்பெனி அவருக்குத் தங்கத்தில் ஒரு தையல் மிஷின் பரிசளித்தது. கதையில், எழுத்துச் சொல்லிக்கொடுத்த வாத்தியாருக்கும் மரியாவுக்கும் சர்ச்சில் கல்யாணம். படப்பிடிப்புதான் என்று தெரிந்தும் ஆயிரக்கணக்கானவர்கள் நல்ல துணி உடுத்தி, பரிசுப் பொருளோடு வந்து நின்றார்கள். காமலிச் பிறகு மெக்சிகோ போய் அங்கேயும் நெடுங்காலம் நடித்து, 2017-ல் காலமானார்.

மெக்சிகோ தயாரிப்பாளர் மிகேல் சபீதோ, மரியாவைப் பார்த்துத் தையல் வகுப்புக்கும் சர்ச்சுக்கும் போன கூட்டத்தை வேறு கண்ணோடு பார்த்தார். தற்செயலாக நடந்ததைத் திட்டம் போட்டே நடத்தினால் என்ன? 1975-ல் முதியோர் கல்விக்கு ஒரு தொடர், 1977-ல் குடும்பக் கட்டுப்பாட்டுக்கு ஒன்று. இந்த வித்தை டெல்லியின் காதுக்கு எட்டியது. நம் அதிகாரிகள் மெக்சிகோ போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள். மனோகர் ஷியாம் ஜோஷி எழுத, 1984 ஜூலை 7 அன்று தூர்தர்ஷனில் ‘ஹம் லோக்’ பிறந்தது. விளம்பரதாரர், அப்போது நாட்டுக்குப் புதிதாக வந்திருந்த மேகி நூடுல்ஸ்.

ஆனால் கதையில் குடும்பக் கட்டுப்பாட்டுப் பாடம் தூக்கலாகிவிட்டது, ஜனங்கள் நெளிந்தார்கள். 13 பகுதிகளுக்குப் பிறகு பாடத்தைக் குறைத்து, குடும்பச் சண்டையையும் காதலையும் கூட்டினார்கள். 156 பகுதி ஓடியது. லட்சக்கணக்கில் கடிதம் குவிந்தது. தொடரில் வரும் குடும்பத்தின் மூத்த மகள் பட்கியாக வந்த சீமா பார்கவாவுக்குக் கதையில் கல்யாணம் நடந்தபோது வடக்கே வாழ்த்துத் தந்தி பறந்தது. லிமா சர்ச்சில் நடந்த அதே கூத்து. எல்லாவற்றையும் பொறுத்துப்போகும் தாய் பாகவந்தியை, ‘இப்படி இருக்காதீர்கள்’ என்று காட்டத்தான் படைத்தார்கள். பார்த்தவர்களில் கணிசமானோர் அவளையே உத்தமியாக எடுத்துக்கொண்டார்கள். சபீதோவின் கணக்கு இங்கேதான் தப்பியது. இன்றைய சீரியல் மாமியார் மருமகள்களுக்கு அம்மா யார் என்று கேட்டால் நான் பாகவந்தியைத்தான் காட்டுவேன்.

தெற்கே இந்தி புரியாததால் அந்த அளவு ஆரவாரம் இல்லை. ஆனால் விளம்பரதாரர் பணத்தில் வீட்டுக் கதை ஓட்டலாம் என்ற வழி திறந்துவிட்டது. பெங்களூரில் அந்த எண்பதுகளிலேயே கன்னடத்தில் ‘சிஹி கஹி’ வந்தது. அதில் நடித்த சந்துருவும் கீதாவும் இன்றைக்கும் சிஹி கஹி சந்துரு, சிஹி கஹி கீதாதான். தொடரின் பெயரே இனிஷியல் ஆகிவிட்டது.

பிற்பாடு பெங்களூர்ப் பெண்கள் தமிழ் சீரியலுக்கே நாயகிகள் ஆனார்கள். கன்னடத் தொடர்களில் நடித்த ரச்சிதா, ‘சரவணன் மீனாட்சி’யில் மீனாட்சியாகித் தமிழ் வீடுகளுக்குள் வந்தார். 2017-ல் ‘நந்தினி’யைத் தமிழிலும் கன்னடத்திலும் சேர்த்தே எடுத்தார்கள், நித்யா ராம் இரண்டிலும் நடித்தார். அல்சூர் மாதிரி பேட்டையில் ஒரு வீட்டில் சன் டிவி, அடுத்த வீட்டில் உதயா; இரண்டு திரையிலும் அதே நந்தினி. எந்த மொழியில் பார்த்தோம் என்பதைப் பற்றி அங்கே யாரும் சண்டை போட்டதாகத் தெரியவில்லை. அவள் பாம்பா பெண்ணா என்பதுதான் பேச்சு.