மருத்துவரின் அருகில் நிற்போர்

பெங்களூரிலிருந்து ஓசூருக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் ஹெப்பகோடி என்னும் ஊர் உள்ளது. ஆலைகளும் அலுவலகங்களும் பெருகிய இவ்வூரிலும் இதன் சுற்றுப்புறங்களிலும் தமிழ்க் குடும்பங்கள் பல வாழ்கின்றன. அண்டையிலுள்ள பொம்மசந்திராவில் பெரியதோர் இருதய மருத்துவமனையும் உண்டு. ஆய்வுக்கூடப் படிப்பிலோ இயன்முறை மருத்துவத்திலோ இளநிலைப் பட்டம் பெற்ற மகளை மேலும் இரண்டாண்டு படிக்க வைக்கலாமா என்பது இத்தகைய இடங்களில் பெற்றோர் மனத்தில் எழும் கேள்வி. மாதச் சம்பளத்தில் மிச்சம் பிடித்த பணம் அதற்குச் செலவாக வேண்டும். “இரத்தம் சோதிப்பதற்கு எம்.எஸ்ஸி. எதற்கு?” என்று உறவினர் கேட்பர். இதற்கு விடை வரலாற்றில் இருக்கிறது.

நோயாளி, மருத்துவர், மருந்து, அருகிருந்து துணைசெய்வோர் ஆகிய நான்கும் சேர்ந்ததே மருத்துவம் என்று வள்ளுவர் வகுத்தார். மற்ற மூன்றுக்கும் கிடைத்த மதிப்பு நான்காமவருக்கு நெடுங்காலம் கிட்டவில்லை.

1835-ஆம் ஆண்டு பிப்ரவரியில் சென்னைப் பொது மருத்துவமனையை ஒட்டி ஒரு மருத்துவப் பள்ளி திறக்கப்பெற்றது. ஆளுநர் சர் பிரெடெரிக் ஆடம் காலத்தில் எழுந்த அப்பள்ளியின் நோக்கம் ஐரோப்பிய மருத்துவர்களுக்குத் துணைநிற்கும் உதவியாளரைப் பழக்குவதே. அப்பள்ளிதான் 1850-இல் சென்னை மருத்துவக் கல்லூரி ஆயிற்று. இன்று புகழ்பெற்ற மருத்துவர்களை ஈன்றெடுக்கும் அக்கல்லூரி, உதவியாளர் பள்ளியாகப் பிறந்தது என்பதை நம்மில் எத்தனை பேர் நினைவில் வைத்திருக்கிறோம்?

செவிலியரின் கதையும் இதைப் போன்றதே. வேலூரில் ஐடா ஸ்கடர் அம்மையார் 1909-இல் செவிலியர் பள்ளியைத் தொடங்கினார். 1946-இல் வேலூரிலும் டில்லியிலும் அவர்களுக்குப் பட்டப்படிப்பு ஏற்பட்டது. 1959-இல் டில்லியில் முதுநிலைப் பட்டமும் வந்தது. அதன் பயன் யாது? செவிலியருக்குச் செவிலியரே பேராசிரியராகவும் கல்லூரி முதல்வராகவும் அமர வழி பிறந்தது. தன் ஆசிரியரைத் தானே உருவாக்க இயலாத தொழில், பிறர் ஏவலுக்குக் காத்திருக்கும் தொழிலாகவே நின்றுவிடும்.

ஹெப்பகோடி வழியே செல்லும் இதே ஓசூர்ச் சாலையில், பெங்களூர் நகருக்குள், 1954-இல் அகில இந்திய மனநல நிலையம் அமைந்தது. மறு ஆண்டு முதல் அங்கே உளவியல் கற்றோர்க்கும் மருத்துவமனைப் பயிற்சி அளிக்கப்பெற்றது. மருத்துவப் பட்டம் இல்லாதோரும் மனநோயாளியின் நலத்திற்குத் தனியறிவு கொண்டு உழைக்கலாம் என்பது அதனால் புலனாயிற்று. 1974-இல் அந்நிலையம் நிம்ஹான்ஸ் என்னும் பெரு நிறுவனத்தில் இணைந்தது. 1992-இல், உதவியாளர் பள்ளி பிறந்த அதே சென்னையில், இருதய அறுவை மருத்துவர் கே. எம். செரியன் முயற்சியால் மருத்துவ உதவியாளருக்கான நவீனப் பயிற்சி தொடங்கிற்று. ஒன்றரை நூற்றாண்டுக்குப் பின் பழைய தேவை புதிய அறிவோடு திரும்பி வந்தது!

இனி, உறவினரின் கேள்விக்கு வருவோம். ஆய்வுக்கூடத்தில் எந்திரம் சர்க்கரை அளவை எண்ணாகக் காட்டுகிறது. அந்த எண் மெய்யானதா? அறிந்த அளவுள்ள மாதிரியை எந்திரத்தில் இட்டு, அது சரியாகக் காட்டுகிறதா என்று நாள்தோறும் ஒப்பிட வேண்டும். பிழையான எண்ணை நம்பி மருந்து கொடுத்தால் நோயாளி என்னாவார்? சோதனையைச் செய்யவும் ஒப்பிட்டுப் பார்க்கவும் இளநிலைப் படிப்பு போதும். பிழையின் வேரை ஆராயவும், புதிய சோதனை முறையை அமைக்கவும், பிறருக்குக் கற்பிக்கவும் முதுநிலைப் படிப்பு துணை செய்கிறது.

இத்துறைகளுக்கென 2021-இல் நாடாளுமன்றம் தனிச் சட்டம் இயற்றியது. ஐம்பதுக்கு மேற்பட்ட தொழில்களைப் பத்துப் பிரிவாக்கி, மாநிலப் பதிவேடுகளுக்கும் நாடு முழுமைக்குமான மத்தியப் பதிவேட்டிற்கும் அச்சட்டம் வழி செய்கிறது. ஒரு மாநிலத்தில் கற்று மற்றொரு மாநிலத்தில் பிழைக்கும் நம்மனோர்க்கு இஃது ஆறுதலான செய்தி. ஆயினும் சேருமுன் எச்சரிக்கை வேண்டும். பட்டம் அளிப்பது எப்பல்கலைக்கழகம்? கர்நாடகத்தில் 1996-இல் தோன்றிய இராஜீவ் காந்தி சுகாதார அறிவியல் பல்கலைக்கழகம் போன்ற ஒன்றா, அன்றி வெறும் சான்றிதழ்க் கடையா? பயிற்சிக்கு மருத்துவமனை உண்டா? பட்டம் பதிவுக்கு ஏற்கப்படுமா? இவற்றை எழுத்து மூலமாகவே கேட்டறிதல் நலம்.

1835-இல் உதவியாளராகச் சேர்ந்த இளைஞருக்குத் தம் பள்ளி கல்லூரியாகும் என்று தெரிந்திராது. இன்று மருத்துவரின் அருகில் நிற்கும் பெண்ணும் நாளை ஆசிரியர் பீடத்தில் அமரலாம். அதற்கான படியே முதுநிலைப் படிப்பு. அப்படி உறுதியானதா என்று பார்த்துக் காலை வைப்போமாக.