போசனப்பிரியம்: கிறித்தவ மரபில் உணவும் மனச்சாட்சியும்

போசனப்பிரியம் என்பது கத்தோலிக்க ஞானோபதேசம் எண்ணும் ஏழு தலையான பாவங்களுள் ஒன்று. அளவு மீறியும் ஆசை மீறியும் உண்பதை இச்சொல் குறிக்கிறது. தமிழ் விவிலியத்தின் பழைய மொழிபெயர்ப்பில் 'போஜனப்பிரியன்' என்ற சொல், இயேசுவின் மீதே சுமத்தப்பட்ட பழியாக வருகிறது (மத்தேயு 11:19). அவர் விருந்துகளுக்குப் போனார். ஊரார் ஒதுக்கிய ஆயக்காரரோடு அமர்ந்து உண்டார். வெளியிலிருந்து வாய்க்குள் போவது மனிதரைத் தீட்டுப்படுத்தாது என்றும் போதித்தார் (மாற்கு 7). எனவே கிறித்தவச் சிந்தனையாளர்களுக்கு எதை உண்ணலாம் என்ற கேள்வியை விட, உண்பதற்கு மனிதன் தனக்குத் தானே என்ன காரணம் சொல்லிக்கொள்கிறான் என்ற கேள்வியே கடினமாக இருந்தது.

பாலைவனத் துறவிகள்

இக்கேள்வியை முதலில் கூர்மையாக ஆராய்ந்தவர்களுள் ஒருவர் எவாக்ரியுஸ். கருங்கடலின் தென்கரையில் உள்ள போந்து நாட்டில் பிறந்த இவர், எகிப்தின் பாலைவனத்தில் துறவியாக வாழ்ந்து கி.பி. 399இல் இறந்தார். துறவியைக் கெடுக்கும் தீய எண்ணங்கள் எட்டு என வகுத்து, போசனப்பிரியத்தை முதலில் வைத்தார். அந்த எண்ணம் துறவியின் மனத்தில் எப்படிப் பேசும் என்று அவர் விவரிப்பது வியப்பானது. அது சுவையான பண்டங்களைக் காட்டி மயக்குவதில்லை. வைத்தியரைப் போலப் பேசுகிறது. வயிறு கெடும், ஈரல் வீங்கும், நெடுநாள் நோயில் படுக்க நேரும், இந்தப் பாலையில் மருத்துவரும் இல்லை என்று அச்சுறுத்துகிறது. ஆசை, உடல்நலக் கவலையின் வேடத்தில் வருகிறது.

அகுஸ்தீனின் தன்னாய்வு

ஏறத்தாழ அதே காலத்தில் வட ஆப்பிரிக்காவின் இப்போ நகரில் (இன்றைய அல்ஜீரியா) ஆயராக இருந்தவர் அகுஸ்தீன் (354–430). 397ஆம் ஆண்டளவில் எழுதத் தொடங்கிய தம் 'ஒப்புதல்கள்' நூலின் பத்தாம் பகுதியில், தம் உணவுப் பழக்கத்தை அவர் சோதித்துப் பார்க்கிறார். அப்போது அவர் நாற்பதுகளின் நடுவில் இருந்தார். ஊர் மதிக்கும் ஆயர். மதுவெறி தம்மை அண்டியதில்லை என்றும், ஆனால் மிகையாக உண்பது சில நேரங்களில் தம்மை அறியாமல் வந்துவிடுகிறது என்றும் ஒளிக்காமல் எழுதினார்.

அவர் வாதம் இதுதான். பசி ஒரு நோவு, உணவு அதற்கு மருந்து. மருந்தை மருந்தாகவே உண்ண வேண்டும். ஆனால் இந்த மருந்து இனிக்கிறது. உடல்நலத்துக்குப் பின்னால் துணையாக வரவேண்டிய இன்பம், முன்னால் நடக்க முந்துகிறது. நலத்துக்குப் போதுமான அளவு இன்பத்துக்குப் போதாது. இன்னும் கொஞ்சம் வேண்டும் என்று கேட்பது உடலா, ஆசையா என்பது பல வேளைகளில் தெளிவாகத் தெரிவதில்லை. அடுத்த படிதான் அகுஸ்தீனின் தனிச்சிறப்பு: அந்தத் தெளிவின்மையைக் கண்டு மனம் வருந்துவதில்லை, மகிழ்கிறது; 'உடல்நலத்துக்காக' என்று சொல்லி மறைந்துகொள்ள இடம் கிடைத்துவிட்டதே என்று மகிழ்கிறது. தன்னைத்தானே ஏமாற்றிக்கொள்ளும் மனத்தை இவ்வளவு நுட்பமாகக் காட்டிய எழுத்து பழங்காலத்தில் அரிது.

உணவு வகையைக் குறை சொல்வதில் அவருக்கு உடன்பாடில்லை. எலியா இறைச்சி உண்டார், குற்றமில்லை. ஏசாவோ வெறும் பயற்றங்கூழுக்காகத் தலைமகன் உரிமையை விற்றான்.

அளவும் விதியும்

ஆறாம் நூற்றாண்டில் இத்தாலியில் பெனடிக்ட் (தமிழ்க் கத்தோலிக்கர் வழக்கில் ஆசீர்வாதப்பர்) தம் துறவியருக்கு ஒழுங்கு நூல் எழுதினார். நாளுக்கு ஓர் இராத்தல் அப்பம், சமைத்த பதார்த்தம் இரண்டு, காயோ பழமோ கிடைத்தால் மூன்றாவது. நான்கு கால் விலங்குகளின் இறைச்சி, மிகவும் நலிந்த நோயாளிக்கு மட்டும். ஆனாலும் பிறருக்கு அளவு வகுக்கத் தமக்குத் தயக்கம் உண்டு என்று அவரே குறித்திருக்கிறார். திருத்தந்தை பெரிய கிரகோரி (590–604) போசனப்பிரியத்தின் வழிகளை ஐந்தாகப் பிரித்தார்: வேளைக்கு முன் உண்பது, விலையுயர்ந்ததைத் தேடுவது, பக்குவத்தில் மிகையாகக் கவனம் வைப்பது, அதிகமாக உண்பது, ஆவலோடு பாய்ந்து உண்பது. ஐந்தில் ஒன்றே ஒன்றுதான் அளவு பற்றியது. குறைவாக உண்பவரும் இந்தப் பட்டியலுக்குத் தப்ப முடியாது.

விதி வந்ததும் விதிவிலக்குகளும் வந்தன. விலக்கப்பட்டது நான்கு கால் விலங்குதானே, கோழிக்கு இரண்டு கால்தானே என்று வாதிட்ட துறவியர் இருந்தனர். இறைச்சியை உணவுக்கூடத்தில்தான் உண்ணக்கூடாது என்று பொருள் கொண்டு, வேறோர் அறையில் உண்ணும் வழக்கமும் மடங்களில் பரவியது. அந்த அறைக்கு இட்ட பெயர் 'இரக்கம்' என்று பொருள்படும் இலத்தீன் சொல்! 1336இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பெனடிக்ட் இவ்வழக்கத்துக்கு வரம்பு கட்டி ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று.

எல்லாவற்றிலும் வேடிக்கையானது பார்னக்கிள் வாத்தின் கதை. குளிர்காலத்தில் அயர்லாந்து, பிரிட்டன் கரைகளுக்கு வரும் இப்பறவை ஆர்க்டிக் பகுதியில் முட்டையிடுகிறது. அதன் கூட்டை அங்குள்ளவர் யாரும் கண்டதில்லை. எனவே கடலில் மிதக்கும் மரத்தில் ஒட்டி வளரும் ஓட்டுயிரிலிருந்து அது பிறக்கிறது என்று நம்பினர். தசையிலிருந்து பிறக்காதது இறைச்சியாகாது என்று சொல்லி, நோன்பு நாளில் அதை உண்டனர். 12ஆம் நூற்றாண்டில் வேல்ஸ் நாட்டு ஜெரால்டு, பிறப்புக் கதையை நம்பியபோதும் இந்தச் சமாதானத்தை ஏற்கவில்லை. ஆதாமும் தசையிலிருந்து பிறந்தவன் அல்லன். அவன் தொடையைத் தின்றால் அது இறைச்சி இல்லையா என்று கேட்டார். 13ஆம் நூற்றாண்டில் பேரரசர் இரண்டாம் பிரெடெரிக் அத்தகைய மரத்துண்டுகளை வரவழைத்துப் பார்த்து, பறவையின் சாயல் எதுவும் இல்லை என்று எழுதினார்.

இருபுறமும் கண்டித்த பெர்நார்து

1125ஆம் ஆண்டளவில் சிஸ்டர்சியன் சபையின் பெர்நார்து, குளூனி மடங்களின் சாப்பாட்டைக் கடுமையாகக் கிண்டல் செய்தார். இறைச்சி இல்லை என்பது உண்மைதான். ஆனால் மீன் வகை ஒன்றன்பின் ஒன்றாக வந்தது, முட்டையை எத்தனை விதமாகச் சமைக்கலாமோ அத்தனை விதமாகவும் சமைத்தனர். அதே நூலில் தம் சபையாரையும் அவர் விடவில்லை. வயிற்றை அவரையாலும் மனத்தை ஆணவத்தாலும் நிரப்பிக்கொண்டு அடுத்தவன் தட்டைப் பழிக்கிறோம் என்றார். கடும் நோன்பால் வயிறு கெட்டு, வாழ்நாள் முழுதும் துன்பப்பட்டவர் அவர். மிகை உணவும் மிகை நோன்பும் ஒரே கேட்டில்தான் கொண்டுபோய் விடும் என்று ஐந்தாம் நூற்றாண்டிலேயே ஜான் காசியான் எச்சரித்திருந்தார்.

விதி தளர்ந்த பின்

1522ஆம் ஆண்டுத் தவக்காலத்தில் சூரிச் நகர அச்சகர் கிறிஸ்டோப் புரோஷவர் வீட்டில் சிலர் துணிந்து தொத்திறைச்சி உண்டனர். அங்கிருந்த மறைப்பணியாளர் சுவிங்ளி உண்ணவில்லை; ஆனால் உணவைத் தேர்வது விசுவாசியின் உரிமை என்று பிரசங்கித்து அவர்களுக்காக வாதாடினார். சுவிட்சர்லாந்தின் சீர்திருத்த இயக்கம் இந்தத் தட்டிலிருந்து தொடங்கியது எனலாம்.

கத்தோலிக்கத் திருச்சபையில் 1966இல் திருத்தந்தை ஆறாம் பவுல் நோன்புச் சட்டத்தை மிகவும் எளிமையாக்கினார். திருச்சபை முழுவதற்குமான கட்டாய நோன்பு நாள்கள் திருநீற்றுப் புதனும் பெரிய வெள்ளியுமாகக் குறைந்தன. அந்நாள்களில் முழு உணவு ஒரு வேளை மட்டுமே. தமிழ்க் கத்தோலிக்கர் நோன்பை 'ஒருசந்தி' என்று அழைப்பதும் இப்பொருளில்தான். காலையும் மாலையும் சிறிது உண்ணச் சட்டம் இடம் தருகிறது. அந்தச் 'சிறிது' எத்தனை இட்லி என்று சட்டத்தில் எழுதியில்லை.