வீடியோ எடிட்டிங் நினைவகம்

வீடியோ எடிட்டிங் மென்பொருள் இயங்கும்போது பிரேம்களையும் ஒலியையும் தற்காலிகமாக ஏந்தும் கணினி ரேம். கோப்புகளைச் சேமிக்கும் வட்டும் கிராபிக்ஸ் கார்டின் தனி நினைவகமும் இதில் அடங்கா.

சுருக்கப்பட்ட வீடியோ திரைக்கு வருமுன் முழுதாக விரிக்கப்படுவதால், கோப்பின் அளவைவிடப் பிரேமின் அளவு, நிற ஆழம், அடுக்குகள் ஆகியவையே தேவையைத் தீர்மானிக்கின்றன. 3840×2160 புள்ளிகளுள்ள 4கே பிரேம் ஒன்று, புள்ளிக்கு 4 பைட் வீதம் சுமார் 33 மெகாபைட். 16 பைட் வீதம் சுமார் 133 மெகாபைட். நொடிக்கு 24 பிரேம் என்றால் பின்னது 3 ஜிகாபைட்டைத் தாண்டும்.

32 பிட் மென்பொருளின் உச்சவரம்பு 4 ஜிகாபைட். 2010இல் வெளிவந்த அடோபி பிரீமியர் புரோ சிஎஸ்5, 64 பிட்டுக்கு மாறி அத்தடையைக் கடந்தது.

எச்டி வீடியோவுக்கு 16, 4கே வீடியோவுக்கு 32 ஜிகாபைட் என்பது அடோபியின் பரிந்துரை. ரேம் போதாவிட்டால் வேகம் குறைந்த வட்டு துணைக்கு வர, முன்னோட்டம் திக்கித் திக்கி ஓடும். தெளிவு குறைந்த பிராக்சி நகல்கள் இச்சுமையைத் தணிக்கின்றன.