வட்டத்தொட்டியும் விமர்சனமும்

தமிழில் நவீன விமர்சனத்தின் வரலாற்றைச் சொல்ல வருகிறவர்கள் வழக்கமாக வ.வே.சு. ஐயரில் ஆரம்பித்து, மணிக்கொடியைத் தொட்டுக்கொண்டு, க.நா.சு., செல்லப்பா என்று வந்து நிற்கிறார்கள். டி.கே. சிதம்பரநாத முதலியாருக்கு இந்த வரிசையில் இடம் கிடையாது. அவர் ரசிகர், விமர்சகர் அல்ல என்று ஒரே வாக்கியத்தில் முடித்துவிடுவது பழக்கமாகிவிட்டது. இந்தப் பிரிவினை சரிதானா என்று கொஞ்சம் பார்க்க வேண்டியிருக்கிறது. படித்துச் சந்தோஷப்பட்ட ஒருவன் அதை இன்னொருவனிடம் சொல்ல ஆசைப்படுகிறானே, அதைத் தவிர விமர்சனத்துக்கு வேறு ஊற்றுக்கண் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

1924-25இல் திருநெல்வேலி ஜில்லாவில் ஏறக்குறைய ஒரே சமயத்தில் இரண்டு காரியங்கள் நடந்தன. சேரன்மாதேவி குருகுலத்தில் இருந்துகொண்டு ஐயர் 'பால பாரதி' பத்திரிகையை நடத்தி, அதில் கம்பராமாயண ரசனை எழுதிவந்தார். திருநெல்வேலியில் வக்கீலுக்குப் படித்த டி.கே.சி.யின் வீட்டில் மாலை நேரங்களில் நண்பர்கள் கூடிக் கம்பனைப் படிக்க ஆரம்பித்தார்கள். வீட்டுக்கு நடுவே வானம் பார்த்த முற்றத்துக்கு அந்தப் பக்கத்தில் தொட்டி என்று பெயர். இந்த வீட்டில் அது வட்டமாக இருந்ததால் கூட்டத்துக்கு வட்டத்தொட்டி என்ற பெயர் வந்தது. சங்கம், கழகம், சபை என்று பெயர் வைத்துக்கொள்ளாமல் உட்கார்ந்த இடத்தின் பெயரையே வைத்துக்கொண்டது எனக்குப் பிடித்திருக்கிறது.

ஐயர் 1925இல் பாபநாசம் அருவியில் மகளைக் காப்பாற்றப் போய் இறந்தார். அவர் எழுதியதற்கு ரசனை என்றுதான் பெயர் வைத்திருந்தார் என்றாலும், அவருடைய வழி ஒப்பிட்டு நிறுவுகிற வழி. வால்மீகி, ஹோமர், மில்டன் இவர்களோடு கம்பனை நிறுத்தி, காவிய அமைப்பில் அவன் எங்கே உயர்கிறான் என்று வாதம் செய்கிறார். வாசகனை எதிர்த் தரப்பு வக்கீலாக வைத்துக்கொண்டு பேசுவது போல இருக்கும். விசித்திரம் என்னவென்றால், உண்மையில் வக்கீலுக்குப் படித்த டி.கே.சி. வாதம் செய்வதே இல்லை. ஒரு பாட்டை எடுத்துக்கொள்வார். சந்தி பிரித்து, நிறுத்தி, திரும்பத் திரும்பச் சொல்வார். கேட்கிறவன் முகம் மலர்ந்தால் நிரூபணம் ஆகிவிட்டது. பாட்டின் சூழ்நிலையை விளக்குவார், யார் யாரிடம் எந்த மனநிலையில் சொல்கிறார்கள் என்று காட்டுவார். இலக்கணக் குறிப்பும் அணி விளக்கமும் அவருக்கு வேண்டாதவை. பண்டிதர்கள் பாட்டுக்கு உரை சொன்னார்கள் என்றால் இவர் பாட்டையே காதில் விழும்படி செய்தார்.

வந்தவர்கள் யார் என்று பார்த்தால் இதன் பலமும் பலவீனமும் சேர்ந்தே தெரியும். வெள்ளகால் சுப்பிரமணிய முதலியார், பி.ஸ்ரீ., பிறகு பாஸ்கரத் தொண்டைமான், மகராஜன், மீ.ப. சோமு. இவர்களில் பலர் தமிழைப் பிழைப்பாகக் கொண்டவர்கள் அல்லர். உத்தியோகஸ்தர்கள், சட்டம் படித்தவர்கள், ஆங்கிலக் கவிதையில் தேறிவிட்டுத் தமிழுக்குத் திரும்பியவர்கள். தமிழ்க் கவிதை பண்டிதர்களின் சொத்து என்றிருந்த காலத்தில், உத்தியோகத்தில் இருக்கிற ஒருவன் சாயங்காலம் வந்து உட்கார்ந்து தானாக ஒரு பாட்டை அனுபவிக்கலாம் என்பது சாதாரண விஷயமல்ல. மகராஜன் நீதிபதியாகி ஷேக்ஸ்பியரைத் தமிழில் கொண்டுவந்ததற்கும் அந்த முற்றத்துக்கும் சம்பந்தம் இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் வசதியும் ஓய்வும் ஒரே மாதிரி வளர்ப்பும் உள்ளவர்கள் கூடி ரசிக்கும்போது, தங்கள் ரசனைதான் இயற்கையான ரசனை என்று தோன்றிவிடும். அங்கே போய்வந்தவர்கள் பின்னால் எழுதியவற்றில் பக்தியே மிகுந்திருக்கிறது. இந்தப் பாட்டு எனக்குப் பிடிபடவில்லை என்று ஒருவர் சொல்லி அதன்மேல் பேச்சு வளர்ந்த மாதிரியான பதிவுகளைத்தான் நான் தேடுகிறேன்.

ரசனையால் என்ன முடியும் என்பதற்கு முத்தொள்ளாயிரம் நல்ல சாட்சி. புறத்திரட்டு என்ற தொகைநூலின் தயவால் நூற்றுச் சொச்சம் வெண்பாக்கள் மட்டும் மிஞ்சிய நூல் அது. பண்டிதர்கள் அதை அச்சேற்றியிருந்தார்கள்; கிடைத்ததைக் காப்பாற்றிய அளவில் அவர்கள் கடமை தீர்ந்தது. அந்த வெண்பாக்களை ஒரு சாதாரண வாசகன் படித்துச் சிரிக்கவும் கிறங்கவும் முடியும் என்று காட்டியது டி.கே.சி.யின் உரைதான். அந்த உரைநடையும் பேச்சுதான். தமிழ் வசனம் மேடைக்கும் வகுப்பறைக்கும் விறைத்துக்கொண்டிருந்தபோது, எதிரே இருக்கிறவனிடம் பேசுகிற வசனம்.

ரசனையால் என்ன கெடும் என்பதற்குக் கம்பராமாயணம் சாட்சி. பத்தாயிரத்துக்கு மேற்பட்ட பாடல்களில் பெரும்பகுதி கம்பன் பாடியதல்ல, இடைச்செருகல் என்று டி.கே.சி. முடிவு செய்தார். செருகல்கள் உண்டு என்பதைப் பண்டிதர்களும் மறுக்கவில்லை. ஆனால் எது செருகல் என்பதற்கு அவர் ஏட்டுச் சான்று எதையும் காட்டவில்லை. தம் செவியைத்தான் சான்றாக வைத்தார். அதோடு நிற்காமல், ஏற்றுக்கொண்ட பாட்டிலும் உறுத்துகிற சொல்லை மாற்றினார். வையாபுரிப் பிள்ளை போன்ற பதிப்பாசிரியர்கள் ஏடு ஏடாக ஒப்பிட்டுப் பாடம் நிச்சயித்துக்கொண்டிருந்த காலத்தில் இது நடந்தது. 'கம்பர் தரும் ராமாயணம்' என்று அவர் தொகுத்துத் தந்ததைப் படிக்கச் சுகமாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தச் சுகத்தில் எவ்வளவு கம்பனுடையது, எவ்வளவு டி.கே.சி.யுடையது என்று வாசகனால் பிரிக்க முடியாது.

நாலு பேர் உள்ள முற்றத்தில் இந்தத் தவறு பெரிதல்ல. எனக்கு இந்தச் சொல் இப்படி இருந்தால் நன்றாக இருக்கும் என்று ஒருவர் சொல்லலாம், மற்றவர் சிரித்துக்கொள்ளலாம். அதே வார்த்தை புத்தகமாகி வெளியே போகும்போது தீர்ப்பாகிவிடுகிறது. மேடை ஏறினாலும் இதே கதைதான். 1939இல் காரைக்குடியில் சா. கணேசன் கம்பன் கழகம் தொடங்கியபோது டி.கே.சி.தான் முன்னிலையில் இருந்தார். அந்த விழாக்களிலிருந்து வளர்ந்த பட்டிமண்டபம் பிற்பாடு என்ன ஆயிற்று என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. கூட்டத்தின் கைதட்டலுக்கும் ஒரு தனி மனிதன் முகம் மலர்வதற்கும் உள்ள தூரத்தை அவர் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை என்றே தோன்றுகிறது.

க.நா.சு.வை இந்த மரபில் வைத்தால் அவருடைய சிஷ்யர்கள் கோபித்துக்கொள்வார்கள். டி.கே.சி.யின் நெருங்கிய நண்பர் கல்கி. கல்கியின் எழுத்தை இலக்கியமல்ல என்று தள்ளியவர் க.நா.சு. ஒருவர் கம்பனைத் தாண்டி வர விரும்பாதவர். மற்றவர் உலக நாவல்களில் மூழ்கியவர். ஆனால் காரியத்தைப் பாருங்கள். 'படித்திருக்கிறீர்களா?' என்ற தலைப்பிலேயே எதிரில் ஒரு ஆளை உட்கார வைத்துக்கொள்கிறார். ஒரு கட்டுரைக்கு ஒரு புத்தகம். கதையைக் கொஞ்சம் சொல்லி, ஆசிரியரைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லி, நான் படித்தேன், நன்றாக இருந்தது, நீங்களும் படியுங்கள் என்று நிறுத்துகிறார். நிரூபிக்க முயலுவதில்லை. ஏன் நல்லது என்று கேட்டால் படித்துப் பார் என்பதுதான் பதில். பட்டியல் போடுகிறார் என்று அவரைக் கேலி செய்தார்கள், டி.கே.சி.யும் பத்தாயிரம் பாட்டிலிருந்து ஒரு பட்டியல்தான் போட்டார். வித்தியாசம், க.நா.சு. தமக்குப் பிடிக்காததை ஒதுக்கினாரே ஒழிய, பிடித்த நாவலில் ஒரு சொல்லைத் திருத்தவில்லை. தம் பட்டியலைத் தாமே மாற்றிக்கொள்ளவும் அவர் தயங்கியதில்லை.

ஏன் நல்லது என்ற கேள்விக்குப் பதில் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தவர் செல்லப்பா. 1959இல் 'எழுத்து' வந்ததற்கு இந்தப் பிடிவாதமும் ஒரு காரணம். அபிப்பிராயம் போதாது, அலசிக் காட்ட வேண்டும் என்றார். ஐயரைத் தமிழ் விமர்சனத்தின் முன்னோடியாக அவர் கொண்டாடியதும் இதனால்தான். சேரன்மாதேவியின் வாத முறை முப்பத்தைந்து வருஷம் கழித்து 'எழுத்'தில் மறுபடி தலைகாட்டியது. ஆனாலும் அலசலின்போது செல்லப்பா ஓயாமல் பயன்படுத்திய 'உருவம்' என்ற சொல்லை அதற்கு முன்பே கவிதையைப் பற்றிச் சொல்லிச் சொல்லிப் பழக்கியவர் டி.கே.சி. சொல் ஒன்றாக இருந்தாலும் பொருள் மாறியிருக்கிறது என்பது உண்மை. டி.கே.சி.க்கு அது காதில் விழும் தாள அமைதி; செல்லப்பாவுக்கு அது கண்ணால் பிரித்துக் காட்டக்கூடிய கட்டுமானம்.

இன்னொரு பக்கமிருந்து கைலாசபதி 1980இல் க.நா.சு. குழுவைப் பற்றித் தனி நூலே எழுதி, இந்த ரசனை எந்த வர்க்கத்தின் ரசனை என்று கேட்டார். முற்றத்தில் உட்கார்ந்திருந்தவர்களை நினைத்தால் அந்தக் கேள்வியைத் தட்டிக் கழிக்க முடியாது. ஆனால் கைலாசபதியின் பக்கங்களில் ஒரு கதையைப் படித்து மயங்கிய மனிதனை நான் தேடிக் களைத்திருக்கிறேன்.

டி.கே.சி.யின் கடைசிக் காலம் குற்றாலத்தில் கழிந்தது; 1954இல் இறந்தார். அங்கே அவரைத் தேடிப் போனவர்களில் கி. ராஜநாராயணன் ஒருவர். இடைசெவல் என்ற கரிசல் கிராமத்தில் அவரும் கு. அழகிரிசாமியும் கம்பனையும் காவடிச்சிந்தையும் சேர்ந்து ரசித்து வளர்ந்தவர்கள். ஊர் பிரிந்தபின் அந்தப் பேச்சு கடிதமாகத் தொடர்ந்தது. அழகிரிசாமி பிறகு கம்பனையும் அண்ணாமலை ரெட்டியார் காவடிச்சிந்தையும் பதிப்பிக்கிற வேலையில் இறங்கினார். கி.ரா.வின் வசனத்தில் எதிரே ஒரு ஆள் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பது போன்ற தோரணை எங்கிருந்து வந்தது என்பதற்குக் கிராமத்துக் கதைசொல்லிகளை மட்டும் காரணம் சொல்வது பாதி விவரம்தான்.

'எழுத்து' 1970இல் நின்றது. அதை நடத்திய காலத்திலும் அதற்குப் பிறகும் செல்லப்பா எழுத்து பிரசுரப் புத்தகங்களை மூட்டையாகக் கட்டித் தூக்கிக்கொண்டு ஊர் ஊராக, கல்லூரி கல்லூரியாகப் போனார். அலசல் கட்டுரைகளைப் படித்து வாங்கியவர்களைவிட, எதிரே நின்று இதைப் படித்துப் பாருங்கள் என்று அவர் சொன்னதற்காக வாங்கியவர்கள்தான் அதிகம் இருந்திருப்பார்கள் என்று நினைக்கிறேன்.