நுண்ணுயிர்வழி மண் சீராக்கம்

ஆலைக் கழிவு, எண்ணெய்க் கசிவு, பூச்சிக்கொல்லி எச்சம் முதலியவற்றால் கெட்ட மண்ணையும் நிலத்தடி நீரையும் பாக்டீரியா, பூஞ்சை ஆகியவற்றைக் கொண்டு தூய்மைப்படுத்தும் முறை. நஞ்சேறிய மண்ணைத் தோண்டி வேறிடத்தில் கொட்டினால் நஞ்சு இடம் மாறுமே தவிர அழியாது. உலையிலிட்டு எரித்தால் மண்ணின் உயிர்த்தன்மையும் சேர்ந்து போய்விடும். நுண்ணுயிர்களோ பல கரிம நஞ்சுகளைக் கரியமில வாயு, நீர், உப்பு என்னும் அளவுக்குச் சிதைக்க வல்லவை. நூறாண்டுக்கு மேற்பட்ட இத்துறையின் வரலாறு ஒரு பாடத்தைத் திரும்பத் திரும்பக் கற்றுத் தந்துள்ளது: வேலையைச் செய்யக்கூடிய உயிர்கள் பெரும்பாலும் அந்த மண்ணிலேயே இருக்கின்றன, அவற்றுக்கு எது குறைவோ அதை அறிந்து கொடுப்பதே மனிதரின் பங்கு.

செயல்படும் விதம்

பெட்ரோல், டீசல் போன்ற ஹைட்ரோகார்பன்கள் சில பாக்டீரியாக்களுக்கு உணவு. அவற்றை ஆக்சிஜனேற்றம் செய்து ஆற்றலும் உடல் வளர்ச்சிக்கான கார்பனும் பெறுகின்றன. ஆனால் எண்ணெயில் தழைச்சத்தும் மணிச்சத்தும் மிகக் குறைவு. எண்ணெய் ஊறிய மண்ணில் காற்றும் விரைவில் தீர்ந்துவிடும். ஆகவே உரம், ஈரம், காற்று ஆகியவற்றைத் தந்து உள்ளூர் உயிர்களைப் பெருக்குவது முதல் வழி. தேவையான உயிர் மண்ணில் இல்லாதபோது ஆய்வகத்தில் வளர்த்துச் சேர்ப்பது இரண்டாம் வழி. மண்ணை இருந்த இடத்திலேயே சீராக்கலாம். அல்லது தோண்டியெடுத்துப் படுகைகளில் பரப்பி, உழுது, நனைத்துப் பதப்படுத்தலாம்.

தொடக்க ஆய்வுகள்

நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரில் 1906-இல் சோங்கன் என்ற ஆய்வாளர், மீத்தேன் வாயுவையே உணவாகக் கொள்ளும் பாக்டீரியாவைப் பிரித்தெடுத்தார். 1946-இல் அமெரிக்கக் கடல் நுண்ணுயிரியலாளர் குளோடு சோபெல், ஹைட்ரோகார்பன்களைச் சிதைக்கும் உயிர்கள் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்தார். 30 பேரினங்களைச் சேர்ந்த ஏறத்தாழ 100 இனங்கள் அதில் இடம்பெற்றன. நுண்ணுயிர்களால் சிதைக்க முடியாத கரிமப் பொருளே இல்லை என்ற நம்பிக்கை அக்காலத்தில் வேரூன்றியது. 1965-இல் கார்னெல் பல்கலைக்கழகத்தின் மார்ட்டின் அலெக்சாண்டர் அதை மறுத்தார். மனிதர் புதிதாகச் செய்த பல வேதிப்பொருள்கள் மண்ணில் ஆண்டுக்கணக்கில் சிதையாமல் கிடப்பதை அவர் சுட்டிக்காட்டினார். எது சிதையும், எது சிதையாது, ஏன் என்ற கேள்விகள் அதன்பின் ஆய்வின் மையத்துக்கு வந்தன.

களத்தில் முதல் வெற்றிகள்

எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைகள் கழிவுச் சேற்றை நிலத்தில் பரப்பி உழும் வழக்கத்தை முன்பே கொண்டிருந்தன. நிலத்தடியில் இம்முறையை அறிவியல் முறைப்படி நடத்திக் காட்டியவர் சன் ஆயில் நிறுவனத்தின் ரிச்சர்ட் ரேமண்ட். பென்சில்வேனியா மாநிலத்தின் ஆம்ப்ளர் ஊரில் குழாய் கசிந்து நிலத்தடி நீரில் பெட்ரோல் கலந்திருந்தது. 1972-இல் அங்குள்ள கிணறுகள் வழியாகத் தழைச்சத்து, மணிச்சத்து உப்புகளும் காற்றும் செலுத்தப்பட்டன. வெளியிலிருந்து பாக்டீரியா எதுவும் கொண்டுவரப்படவில்லை. மண்ணில் இருந்தவையே பெருகிப் பெட்ரோலைச் சிதைத்தன. ரேமண்ட் 1974-இல் இதற்குக் காப்புரிமை பெற்றார்.

அமெரிக்காவின் நயாகரா ஃபால்ஸ் நகரில் லவ் கனால் குடியிருப்புக்கு அடியில் புதைத்த வேதிக்கழிவு 1978-இல் பெரும் நெருக்கடியாக வெடித்தது. இதைத் தொடர்ந்து 1980-இல் அமெரிக்கா மாசுபட்ட இடங்களைச் சீராக்க ‘சூப்பர்ஃபண்ட்’ சட்டத்தை இயற்றியது. அதன்கீழ் சீராக்கப்பட்ட இடங்களில் மொன்டானா மாநிலத்தின் லிபி குறிப்பிடத்தக்கது. மரத்தைப் பதப்படுத்தும் ஆலையொன்று விட்டுச்சென்ற கிரியோசோட்டும் பென்டாகுளோரோஃபீனாலும் அவ்வூரின் கிணறுகளை எட்டியிருந்தன. அங்கே மண்ணைப் படுகைகளில் அடுக்கடுக்காகப் பரப்பி நுண்ணுயிர்களைக் கொண்டு சீராக்கும் திட்டம் 1988-இல் ஏற்கப்பட்டது.

1989 மார்ச் 24 அன்று அலாஸ்காவில் எக்ஸான் வால்டெஸ் கப்பல் பாறையில் மோதி, ஏறத்தாழ 1.1 கோடி கேலன் கச்சா எண்ணெய் கடலில் கொட்டியது. எண்ணெய் படிந்த கரைகளில் உரம் தெளித்தபோது உள்ளூர் பாக்டீரியாக்கள் விரைந்து செயல்பட்டன. இம்முறை உலகெங்கும் பேசப்பட்டது அதன்பிறகே.

மரபணு மாற்ற உயிர்கள்

மேற்கு வங்கத்தில் பிறந்த ஆனந்த மோகன் சக்ரவர்த்தி, ஜெனரல் எலெக்ட்ரிக் ஆய்வகத்தில் எண்ணெயின் பல கூறுகளைச் சிதைக்கும் பிளாஸ்மிடுகள் என்னும் சிறு மரபணு வளையங்களை ஒரே சூடோமோனாஸ் பாக்டீரியாவில் சேர்த்தார். 1980-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 5-க்கு 4 என்ற தீர்ப்பில், உயிருள்ள அந்தப் பாக்டீரியாவுக்கும் காப்புரிமை தரலாம் என்றது. உயிர்த்தொழில்நுட்பத் துறைக்கு அது அடித்தளமானது. எனினும் அந்தப் பாக்டீரியா எண்ணெய்க் கசிவு எதிலும் இறக்கப்படவில்லை. 1996-இல் டென்னசி மாநிலத்தின் ஓக் ரிட்ஜ் வளாகத்தில், நாப்தலீனைச் சிதைக்கும்போது ஒளிரும்படி மாற்றப்பட்ட பாக்டீரியா, அரசின் ஒப்புதலோடு கட்டுப்பாடான மண் தொட்டிகளில் விடப்பட்டது. மாற்றிய உயிரைத் திறந்த நிலத்தில் விடுவது பற்றிய அச்சமும் சட்டத் தடைகளும் நீடிப்பதால், களப்பணி இன்றும் இயற்கை உயிர்களையே நம்பியிருக்கிறது.

குளோரின் ஏறிய நஞ்சுகள்

உலர்சலவைக் கடைகளும் உலோக ஆலைகளும் பயன்படுத்திய டெட்ராகுளோரோஎத்தீன் நிலத்தடி நீருக்குள் ஆழமாக இறங்கி அங்கே தேங்கும். காற்றில்லாத சூழலில் இதன் குளோரின் அணுக்கள் ஒவ்வொன்றாகக் கழலும் என்பது 1980-களில் தெரியவந்தது. ஆனால் பல இடங்களில் வினை பாதியில் நின்று, புற்றுநோய் விளைவிக்கும் வினைல் குளோரைடு மிஞ்சியது. அரைகுறைச் சீராக்கம் முன்னிருந்ததைவிடக் கொடிய நஞ்சைத் தரக்கூடும் என்ற எச்சரிக்கை அது. 1997-இல் கார்னெல் ஆய்வாளர்கள், இதாகா நகரின் கழிவுநீர்ச் சேற்றிலிருந்து தொடங்கிய வளர்ப்பில், இறுதிப்படியான எத்தீன் வரை கொண்டுசெல்லும் டிஹாலோகாக்காய்டிஸ் என்ற பாக்டீரியாவைப் பிரித்தெடுத்தனர். இவ்வினம் இல்லாத இடங்களில் அதைச் சேர்ப்பது இன்று நடைமுறையில் உள்ளது. வெளியிலிருந்து உயிரைக் கொண்டுவருவது உறுதியான பயன் தந்த இடம் இது.

இந்திய ஆய்வுகள்

பிலிப்பைன்ஸின் பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றிய இந்திய அறிவியலாளர் என். சேதுநாதன், டயசினான் தெளித்த வயலிலிருந்து அந்தப் பூச்சிக்கொல்லியைச் சிதைக்கும் பாக்டீரியாவைப் பிரித்தெடுத்து 1973-இல் யோஷிடாவுடன் ஆய்வுரை வெளியிட்டார். டெல்லிப் பல்கலைக்கழகத்தின் ரூப் லால் குழு, லிண்டேன் என்ற பூச்சிக்கொல்லியையும் அதன் உற்பத்தியில் மிஞ்சும் சக மாற்றியங்களையும் தாக்கும் ஸ்ஃபிங்கோபியம் இண்டிகம் என்ற பாக்டீரியாவை விரிவாக ஆராய்ந்தது. அவற்றுள் பீட்டா மாற்றியமே மண்ணில் நெடுங்காலம் நிலைக்கும். டெரி (TERI) ஆய்வு நிறுவனம் உருவாக்கிய ‘ஆயில்சாப்பர்’ பாக்டீரியாக் கலவை சுத்திகரிப்பு ஆலைகளின் எண்ணெய்ச் சேற்றைச் சீராக்கப் பயன்பட்டது. 2017 ஜனவரி 28 அன்று எண்ணூருக்கு அருகே இரு கப்பல்கள் மோதியதில் கரையொதுங்கிய எண்ணெய்ச் சேற்றைப் பதப்படுத்தவும் பாக்டீரியாக் கலவை கையாளப்பட்டது.

எல்லைகள்

உலோகங்களை எந்த உயிரும் அழிக்காது. நீரில் எளிதில் கரையும் ஆறிணைதிறன் குரோமியத்தைக் குறைந்த நச்சுள்ள மூவிணைதிறன் வடிவுக்கு மாற்ற மட்டுமே பாக்டீரியாவால் இயலும். ராணிப்பேட்டையில் மூடப்பட்ட குரோமேட் ஆலை லட்சம் டன்னுக்கு மேல் விட்டுச்சென்ற கழிவு போன்றவற்றை நுண்ணுயிர்களிடம் மட்டும் ஒப்படைத்துவிட முடியாது. களிமண்ணின் நுண்துளைகளில் புகுந்த நஞ்சை பாக்டீரியா எட்டுவதில்லை. குளிரிலும் அமிலத்திலும் வினை தளர்கிறது. பணி முடிய மாதங்களோ ஆண்டுகளோ ஆகலாம். எனவே எந்த நஞ்சு, எவ்வளவு ஆழம், எந்த உயிர், அதற்கு என்ன குறை என்று முதலில் மண்ணைச் சோதிக்க வேண்டும். முடிந்தபின் இடைப்பொருள்கள் எஞ்சியுள்ளனவா என்றும் அளக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் முன் கசிவை அடைக்க வேண்டும். நஞ்சு தொடர்ந்து வந்துகொண்டிருக்கும் நிலத்தை எந்த நுண்ணுயிராலும் மீட்க இயலாது.