மொழிமாற்றமும் மறைப்பும்: சிறுவர் அசைவூட்டத் தொடர்களில் பால்புதுமையர்

சிறுவர் அசைவூட்டத் தொடர்களில் பால்புதுமையர் சித்திரிப்பின் வரலாறு மொழிமாற்றத்தின் வரலாறுமாகும். ஜப்பானியத் தொடரான 'செய்லர் மூன்' 1994இல் காதலராகக் காட்டிய ஹருக்கா, மிச்சிரு என்னும் இரு பெண்களை, 2000இல் வெளிவந்த ஆங்கில வடிவம் 'கசின்' உறவினராக்கியது. அதற்கு முன்பே, 1995ஆம் ஆண்டு ஆங்கில வடிவில், ஓர் ஆணை விரும்பிய ஸோய்சைட் என்னும் ஆண் கதைமாந்தர் பெண்ணாக்கப்பட்டார்.

தமிழில் இத்தகைய மறைப்புக்கு இன்னும் கூடுதலான தெரிவுகள் தேவைப்படும். 'கசின்' என்பதைத் தமிழாக்குவோர் உடன்பிறப்பு முறையா, அத்தை மகள் முறையா என முடிவு செய்தாக வேண்டும். படர்க்கை ஒருமை வினைமுற்றிலும் ஆண்பால், பெண்பால் ஈறுகளுள் ஒன்றைத் தெரிந்தாக வேண்டும். மதிப்புப்பன்மையான 'ஆர்' ஈறு மட்டுமே பால் காட்டாது. பேடியைச் சுட்டும் பெயர்க்குத் தனி ஈறு இல்லை, உயர்திணை ஈறுகளையே அது ஏற்கும் என்பது தொல்காப்பியக் கிளவியாக்கம் தரும் விதி. இலக்கணம் அவர்களை உயர்திணைக்கு வெளியே நிறுத்தவில்லை என்பது இங்குக் கருதத்தக்கது.

2007இல் சுட்டி டிவி தொடங்கியபின் 'டோரா' போன்ற அயல்நாட்டுத் தொடர்களைக் குழந்தைகள் தமிழிலேயே கண்டனர். பால்புதுமையரை மதிப்புடன் சுட்டும் கலைச்சொற்பட்டியலோ, சென்னை உயர் நீதிமன்றத்தின் வழிகாட்டுதலுக்குப் பின், 2022 ஆகஸ்டில்தான் தமிழ்நாடு அரசிதழில் வெளியாயிற்று. ஆகவே காட்சிகளை மட்டும் ஆராய்வது போதாது. தமிழ்க் குழந்தை எச்சொற்களைக் கேட்டது, எவற்றைக் கேட்காமற் போயிற்று என்பதை அறிய மொழிமாற்று வசனப்படிகளும் வரலாற்று ஆவணங்களாகத் திரட்டப்பட வேண்டும்.